மாதிரிப் படகுக்கு ஸ்ப்ரே பெயிண்ட்: தொட்டியில் மிதக்க விடுவதிலிருந்து கிளியர் கோட் வரை

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது துறைமுக இழுவைப் படகு ஒன்றின் ரேடியோ கண்ட்ரோல் மாதிரி. சுமார் 70 செ.மீ. நீளம், ஃபைபர் கிளாஸ் ஹல் (படகின் உடல்), பிளைவுட்டில் தளமும் கேபினும், உள்ளே பேட்டரியும் மோட்டாரும். அடிப்பாகம் சிவப்பு, மேல்பாகம் கறுப்பு, இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. மீன்பிடி விசைப்படகோ பாய்மரமோ கட்டுபவர்களுக்கும் இதே வரிசைதான். நிறம் மட்டும் மாறும்.

புதிதாக வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கேனை அழுத்தும்போது அல்ல, அதற்கு முந்தைய வேலைகளின் வரிசையில். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி தூரம் போன பிறகுதான் பெயிண்ட் வரும்.

1. கடைக்குப் போகும் முன்: எந்தப் பெயிண்ட் மேல் எந்தப் பெயிண்ட்

கார் பெயிண்ட் கடையில் மூன்று வகை கிடைக்கும். டூகோ என்று சொல்லும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டும் அக்ரிலிக் லேக்கரும் ஒரு வகை. தின்னர் ஆவியானால் காய்ந்துவிடும், பிறகு எப்போது தின்னர் பட்டாலும் மறுபடி இளகும். இரண்டாவது சிந்தடிக் எனாமல். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகும். மூன்றாவது ஹார்டனர் (இறுக வைக்கும் ரசாயனம்) கலந்து அடிக்கும் பி.யூ., அதாவது பாலியூரித்தேன்.

லேக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லேக்கர் அடிக்கக் கூடாது. லேக்கரின் தின்னர் வீரியமானது. அரைகுறையாக இறுகிய எனாமலுக்குள் இறங்கி அதை உப்பச் செய்து சுருக்கிவிடும். வீட்டு கேட்டுக்கு வாங்கி மிச்சமிருக்கும் எனாமலை அடிக்கோட்டாக அடித்துவிட்டு, மேலே கார் ஸ்ப்ரே அடித்து, ஐந்தே நிமிடத்தில் மொத்தமும் சுருங்கிப்போய் நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஆகவே பிரைமர், நிறம், கிளியர் (கடைசியில் மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) மூன்றையும் ஒரே வகையில், முடிந்தால் ஒரே கம்பெனியில் வாங்குங்கள். இந்த அளவு படகுக்கு 400 மி.லி. கேன் நிறத்துக்கு ஒன்று போதும். பிரைமர் மட்டும் இரண்டு வாங்குங்கள், ஏனென்றால் அடித்ததில் பாதியைத் தேய்த்தே எடுத்துவிடுவோம். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் இருக்கின்றன. மற்ற ஊர்களில் டிங்கரிங் பட்டறைக்காரர் எங்கே வாங்குகிறார் என்று கேட்டால் போதும்.

பிளாஸ்டிக் ஹல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டமியா என்ற ஜப்பானிய மாடல் கம்பெனியின் கேன்களில் டி.எஸ். வரிசை சாதாரண மாடல் பிளாஸ்டிக்குக்கு. பி.எஸ். வரிசை கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் கார் பாடிக்கு உள்பக்கமிருந்து அடிப்பதற்கு. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

மற்ற சாமான்கள்: 220, 320, 400, 600, 800, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர், என்.சி. பட்டி, பாடி ஃபில்லர், டர்பன்டைன், மஞ்சள் நிற ஆட்டோமோட்டிவ் மாஸ்கிங் டேப், 3 மி.மீ. அகல மெல்லிய டேப், பிரௌன் ஷீட், தூசி ஒற்றும் டாக் கிளாத், கரி கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க். துணி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும். தின்னர் ஆவி அதன் வழியே நேராக நுரையீரலுக்குப் போகும்.

2. பெயிண்டுக்கு முன் தண்ணீர்

ஹல்லைத் தண்ணீரில் இறக்கிப் பார்ப்பது கடைசி வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். முதல் வேலை அதுதான். பெயிண்ட் அடித்து முடித்துத் தண்ணீரில் விட்டால் வெள்ளைக் கோடு ஒரு விரல் தண்ணீருக்குள் போகும் அளவுக்குப் படகு அமிழும், அல்லது பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் சிவப்பைக் காட்டிக்கொண்டு நிற்கும். அப்போது திருத்த வழியே இல்லை.

சுக்கான் குழாய், புரொப்பல்லர் ஷாஃப்ட் குழாய், தண்ணீர் வெளியேறும் ஓட்டைகள் எல்லாவற்றையும் முதலில் போட்டு ஒட்டி முடியுங்கள். பிறகு போட்டால் டிரில் பிட் பெயிண்டை ஓட்டையைச் சுற்றி உரித்துவிடும்.

பேட்டரி, மோட்டார், ஈயக்கட்டி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்து, கேபினையும் மேலே உட்காரவைத்து, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் மிதக்க விடுங்கள். ஈயத்தை நகர்த்தி நகர்த்தி மட்டம் சரி செய்யுங்கள். தண்ணீர் தொடும் இடத்தை முன்முனையிலும் பின்பக்கத்திலும் பென்சிலால் குறியுங்கள். வெளியே எடுத்து, அந்த இரண்டு இடங்களும் ஏராவிலிருந்து (ஹல்லின் அடியில் நீளவாட்டில் ஓடும் கீல்) எத்தனை மி.மீ. உயரம் என்று அளந்து தாளில் எழுதி வையுங்கள். பென்சில் குறி பிரைமருக்கு அடியில் போய்விடும், எண்தான் மிஞ்சும். நிறக்கோட்டை அந்த அளவுக்கு 3 மி.மீ. மேலே வைத்துக்கொள்வது நல்லது. படகு கட்டி முடிக்கும்போது எப்படியும் கொஞ்சம் எடை கூடியிருக்கும்.

பெர்மனென்ட் மார்க்கரால் குறிக்கவே குறிக்காதீர்கள். அந்த மை தின்னரில் கரைந்து எத்தனை கோட் அடித்தாலும் மேலே வந்துவிடும்.

3. கழுவுதல்: தேய்ப்பதற்கு முன்பே

ஃபைபர் ஹல் அச்சிலிருந்து கழன்று வர மெழுகு தடவியிருப்பார்கள். அந்த மெழுகு இன்னும் மேலே இருக்கும். உப்புத்தாளை எடுத்து உடனே தேய்க்க ஆரம்பித்தால், தாள் கீறும் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் மெழுகைத் திணித்துவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு கழுவினாலும் வராது.

பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். பிறகு சுத்தமான துணியை டர்பன்டைனில் நனைத்து ஒரு பகுதியைத் துடையுங்கள். அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். காயவிட்டால் கரைந்த மெழுகு அதே இடத்தில் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். கடைசியாக மறுபடி சோப்புத் தண்ணீர். ஹல்லைக் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டால் மெழுகு இருக்கிறது. படலமாகப் பரவி வழிந்தால் சுத்தம்.

இதற்குப் பிறகு வெறும் கையால் ஹல்லைத் தொடக் கூடாது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொள்பவர்கள் கையுறை போட்டே ஆக வேண்டும். டேஷ்போர்டு பாலிஷ், சிலிக்கான் ஸ்ப்ரே, சிலிக்கான் சீலன்ட் எதுவும் அந்த அறைக்குள் வரவே வேண்டாம். சிலிக்கான் கடுகளவு பட்டாலும் பெயிண்ட் அந்த இடத்தைச் சுற்றி வட்டமாக விலகிக் குழி விழும். பெயிண்டர்கள் ஃபிஷ் ஐ என்று சொல்வது அதைத்தான்.

4. தேய்ப்பதும் பட்டி பார்ப்பதும்

ஃபைபரின் பளபளப்பு போகும்வரை 320-ல் தேய்த்தால் போதும். பெயிண்ட் பிடிக்கக் கீறல் வேண்டும். ஆழமான கீறல் வேண்டாம். 120-ல் தொடங்கினால் அந்தக் கோடுகள் கறுப்புப் பெயிண்டில் வெயில் படும்போது தெரியும்.

ஒரு மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் பாடி ஃபில்லர், அதற்குக் குறைவான கீறலுக்கும் ஊசித்துளைக்கும் என்.சி. பட்டி. என்.சி. பட்டி தின்னர் ஆவியாகித்தான் காய்கிறது, காயும்போது சுருங்கும். ஆழமான பள்ளத்தில் அதை அடைத்தால் மேலே தோல் கட்டி உள்ளே ஈரமாக இருக்கும். பெயிண்ட் அடித்து ஒரு மாதம் கழித்து அந்த இடம் உள்வாங்கும். பாடி ஃபில்லருக்கு ஹார்டனர் சுமார் 2 சதவீதம். சீக்கிரம் இறுகட்டும் என்று அதிகம் கலந்தால், மிச்சமான ஹார்டனர் வெள்ளைப் பெயிண்டில் கறையாக ஊறி வரும்.

பட்டியைக் கையால் தேய்க்காதீர்கள், கட்டையில் தாளைச் சுற்றித் தேயுங்கள். விரல் மென்மையான பட்டியை மட்டும் குடைந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் உள்ள கடினமான ஃபைபரை விட்டுவிடும். பிரைமர் அடிக்கும்வரை தண்ணீர் தொடாமல் உலர்வாகவே தேய்க்க வேண்டும். பாடி ஃபில்லர் தண்ணீரை உறிஞ்சும். பிளைவுட் ஊதிவிடும்.

பிளைவுட் கேபினுக்குத் தனியாக சாண்டிங் சீலர் (மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு). இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவே 320-ல் லேசான தேய்ப்பு. இதைச் செய்யாமல் விட்டால் மரத்தின் ரேகை கடைசிக் கோட்டில் எட்டிப் பார்க்கும். மாதிரி அளவில் அந்த ரேகை கயிறு தடிமனில் தெரியும். நிஜக் கப்பலின் கேபின் இரும்பு, அதில் மர ரேகை கிடையாது.

5. பிரைமர்: குறைகளைக் காட்டும் கோட்

பிரைமர் பெயிண்டைப் பிடித்துவைக்கத்தான் என்று நினைப்பார்கள். அதைவிட முக்கியமான வேலை, ஹல்லை ஒரே நிறமாக்கி மேடுபள்ளத்தைக் காட்டுவது. ஃபைபரின் மஞ்சள், பட்டியின் பழுப்பு, மரத்தின் வெளிர் நிறம் கலந்து கிடக்கும்போது கண்ணுக்கு எதுவும் பிடிபடாது.

சாம்பல் நிற பிரைமர் சர்ஃபேசர் இரண்டு கோட் அடித்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கறுப்பு கேனை எடுத்து, 40 செ.மீ. தள்ளி நின்று, தூறல் மாதிரி மேலே லேசாகத் தூவுங்கள். மூடவேண்டாம், புள்ளி புள்ளியாக விழுந்தால் போதும். காய்ந்ததும் 400 வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். மேடுகளில் கறுப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் அப்படியே நிற்கும். எங்கே பட்டி வேண்டும் என்று ஹல்லே வரைந்து காட்டுகிறது. அங்கே மட்டும் பட்டி வைத்து, தேய்த்து, மறுபடி பிரைமர், மறுபடி கறுப்புத் தூவல்.

இந்தச் சுற்றை எத்தனை முறை செய்வது? கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராகப் போகும்வரை. இதில் பொறுமை இழப்பவர்கள்தான் பளபளப்பான பெயிண்ட் குறைகளை மறைத்துவிடும் என்று நம்புவார்கள். பளபளப்பு எதையும் மறைக்காது, கூட்டித்தான் காட்டும்.

கடைசியாக 600-ல் ஒரு தேய்ப்பு. ஏராவின் விளிம்பு, அணியத்தின் (படகின் முன்பக்கம்) முனை போன்ற கூர்மையான இடங்களில் பிரைமர் தேய்ந்து ஃபைபர் தெரிந்தால் அங்கே மட்டும் ஒரு தூவல் போடுங்கள். பித்தளைப் பொருத்துகளுக்கு எட்ச் பிரைமர். சாதாரண பிரைமர் பித்தளையிலிருந்து நகம் பட்டாலே உரிந்து வரும்.

6. வானிலையும் கேனும்

நம் ஊரில் இரண்டு தொல்லை. ஒன்று மே மாத மதியம். வெளியே வந்த துளி ஹல்லைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, உப்புத்தாள் போல சொரசொரப்பாக உட்காரும். இன்னொன்று ஐப்பசி மழை. லேக்கரின் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்புப் பெயிண்ட் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். வெளுத்தால் பதற வேண்டாம். நல்ல உலர்ந்த நாளில் மெல்லிய கோட் ஒன்று அடித்தால் அந்தத் தின்னரே வெண்மையைக் கரைத்துவிடும்.

மழை இல்லாத நாளில் காலை எட்டு மணியிலிருந்து பத்துக்குள் அடிப்பதே என் தேர்வு. பனி விலகியிருக்கும், வெயில் ஏறியிருக்காது, காற்றும் கிளம்பியிருக்காது. மாலையில் அடித்தால் விளக்கைத் தேடி வரும் பூச்சி ஈரப் பெயிண்டில் இறங்கும்.

தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குங்கள். மின்விசிறி வேண்டாம். கேனில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது என்பதால் பக்கத்தில் அடுப்போ சாமி விளக்கோ எரியக் கூடாது.

கேனுக்குள் இருக்கும் குண்டு கலகலக்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். நிறமி அடியில் கட்டியாகக் கிடக்கும். குண்டு ஓடத் தொடங்கியதும் நிறுத்தினால் முதல் பாதி வெறும் தின்னராகவும் கடைசிப் பாதி கூழாகவும் வரும். அடிக்க அடிக்கக் கேன் குளிர்ந்து அழுத்தம் குறையும், துளி பெரிதாகித் துப்பும். கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகும். அடுப்பில் காட்டவோ கொதிநீரில் போடவோ கூடாது, 50 டிகிரிக்கு மேல் கேன் வெடிக்கக்கூடும்.

7. நிறம் அடிக்கும் முறை

முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் பிரைமர், நிறம், கிளியர் என்று முழு வரிசையையும் அடித்துப் பாருங்கள். ஸ்பூனின் முதுகு ஹல் மாதிரியே வளைவானது. சுருங்கினாலும் வெளுத்தாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

ஹல்லைக் கவிழ்த்து, உள்ளே குறுக்கே திருகிய மரக்கட்டையைப் பிடியாக வைத்து, இடுப்பு உயரத்தில் நிறுத்துங்கள். சுற்றி வர இடம் வேண்டும். எட்டி எட்டி அடித்தால் தூரம் மாறும்.

தூரம் 25 செ.மீ. பக்கம். ஹல்லுக்கு வெளியே கேனை அழுத்தத் தொடங்கி, நேர்கோட்டில் கடந்து, மறுபக்கம் வெளியே வந்த பிறகு விடுங்கள். அழுத்தும் கணத்திலும் விடும் கணத்திலும்தான் கேன் துப்பும். அந்தத் துளி வெளியே விழட்டும். அடுத்த கோடு முந்தையதில் பாதியை மூட வேண்டும். மணிக்கட்டை விசிறி மாதிரி வீசினால் நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் தூசியாகவும் விழும். முழுக் கையையும் நகர்த்துங்கள்.

முதல் கோட் பிரைமர் தெரியும் அளவுக்கு மெலிதாக. அது அடுத்த கோட்டுக்குப் பிடிமானம். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது. மூன்றாவதுதான் ஈரமாக, பளபளவென்று படரும் அளவுக்கு. முதல் கோட்டிலேயே முழு நிறம் வரவேண்டும் என்று அடிப்பவர்களுக்குப் பெயிண்ட் ஒழுகும், அதுவும் ஓரங்களில்தான். ஓரம், மூலை, சுக்கான் பக்கத்து இடுக்கு இவற்றை முதலில் சின்னச் சின்ன அழுத்தலில் அடித்துவிட்டுப் பிறகு பெரிய பரப்புக்கு வாருங்கள்.

ஒழுகிவிட்டால் தொடாதீர்கள். விரலால் துடைத்தால் உள்ளங்கை அகலத்துக்கு நாசமாகும். இரண்டு நாள் இறுகவிட்டு, 600 தாளைச் சின்னக் கட்டையில் வைத்து அந்த மேட்டை மட்டும் சீவி, மேலே ஒரு கோட் போடலாம். கொசு உட்கார்ந்தாலும் இதே வைத்தியம்.

ஒவ்வொரு முறை முடித்ததும் கேனைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை ஒரு நொடி அழுத்துங்கள். இல்லையென்றால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

8. வெள்ளை, சிவப்பு, கறுப்பு

கறுப்பை அடித்துவிட்டு அதன்மேல் வெள்ளைக் கோடு போட முயல்பவர்கள் கோடு வெள்ளையாகும்வரை ஐந்தாறு கோட் அடித்து, கடைசியில் படிக்கட்டு மாதிரி ஒரு மேட்டை உண்டாக்குவார்கள். தலைகீழாகச் செய்தால் சுலபம்.

முதலில் அடிப்பாகம் முழுவதற்கும், கோட்டுக்கு ஒரு அங்குலம் மேல்வரைக்கும் வெள்ளை. சாம்பல் பிரைமர் மேல் நேராக அடித்த சிவப்பு மங்கும். அடியில் வெள்ளை இருந்தால் எடுப்பாக நிற்கும். ஒரே கோட்டில் இரண்டு காரியம்.

ஒரு நாள் காய்ந்ததும் ஹல்லை நிமிர்த்தி, மட்டமான மேசையில் ஸ்டாண்டில் வையுங்கள். எழுதி வைத்த உயரங்களை முன்னும் பின்னும் ஏராவிலிருந்து மறுபடி அளந்து குறித்து, இரண்டு குறிகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் வரும்வரை அடியில் சக்கை வையுங்கள். குறுக்குவாட்டு மட்டத்தை ரசமட்டத்தால் பாருங்கள். ஒரு மரக்கட்டையில் பென்சிலைக் கிடைமட்டமாகக் கட்டி, கட்டையை மேசையில் நகர்த்திச் சுற்றி வாருங்கள். டேப் அளவால் ஒவ்வொரு இடமாக அளந்து குறித்தால் வளைவுகளில் கோடு ஏறி இறங்கும்.

அந்தக் கோட்டின் மேல் 3 மி.மீ. டேப். இழுத்து ஒட்டாதீர்கள், இழுபட்ட டேப் வெயிலில் சுருங்கி வளைவில் எழும்பும். விளிம்பை நகத்தால் அழுத்துங்கள். மேல்பாகத்தைப் பிரௌன் ஷீட்டால் மூடி, சிவப்பை அடியுங்கள். செய்தித்தாள் வேண்டாம், தின்னர் ஊறினால் அச்சு மை ஹல்லில் பதிந்து, தலைப்புச் செய்தியைப் படகில் படிக்கலாம்.

சிவப்பு ஒரு நாள் காய்ந்ததும், 3 மி.மீ. டேப்பை எடுக்காமல், அதன்மேல் பாதி ஏறும்படி வேறு டேப் ஒட்டிச் சிவப்பை முழுவதும் மூடுங்கள். மேல்பாகத்தில் படிந்த தூசியை 800-ல் தடவி எடுத்து, டேப் விளிம்பில் முதலில் மெலிதாகக் கிளியர் தூவுங்கள். டேப்புக்கு அடியில் ஊறுவதானால் நிறமற்ற கிளியர் ஊறி அடைத்துக்கொள்ளட்டும். அதன் பிறகு கறுப்பு.

கறுப்பின் கடைசிக் கோட் முடிந்து அரை மணிக்குள் டேப்பை எடுங்கள், இன்னும் இளக்கமாக இருக்கும்போதே. முழுதும் காய்ந்த பெயிண்ட் டேப்போடு சேர்ந்து செதிலாகக் கிளம்பும். டேப்பை அதன்மேலேயே மடக்கி, கறுப்பிலிருந்து விலகும் திசையில் மெதுவாக இழுக்க வேண்டும்.

9. எழுத்தும் கிளியரும்

படகின் பெயரும் எண்ணும் கிளியருக்கு முன் ஒட்டவேண்டும். மீன்பிடி விசைப்படகு கட்டுகிறவர்கள் ஐ.என்.டி.-டி.என். என்று தொடங்கும் பதிவு எண்ணை இந்த இடத்தில் போடுவார்கள். ஸ்டிக்கர் கடையில் வினைலில் வெட்டி வாங்கலாம். டீக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படம்) என்றால் அடியில் பளபளப்பான பரப்பு வேண்டும், சொரசொரப்பில் காற்று சிக்கி வெள்ளி நிறமாகத் தெரியும். வீட்டு இங்க்ஜெட்டில் அச்சடித்த டீக்கால் ஈரமான கிளியரில் கரையும். அதன்மேல் முதல் இரண்டு கோட் வெறும் தூவலாக இருக்கட்டும்.

கடைசிக் கோட்டுக்கு முழுப் பளபளப்பு வேண்டாம், சாட்டின் (அரைப் பளபளப்பு) கிளியர் போதும் என்பது என் கருத்து. உழைக்கும் இழுவைப் படகு கண்ணாடி மாதிரி மின்னாது; மின்னினால் பொம்மையாகத் தெரியும். ரேஸ் படகு, உல்லாசப் படகு என்றால் வேறு கதை. அதற்குப் பளபளப்புக் கிளியர் அடித்து, இரண்டு வாரம் விட்டு, 1500-லும் 2000-லும் தண்ணீரில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு போடலாம்.

நைட்ரோ எரிபொருளில் ஓடும் படகுக்குச் சாதாரண கிளியர் தாங்காது. அதில் உள்ள மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் லேக்கரைப் பிசுபிசுப்பாக்கிவிடும். பி.யூ. கிளியர்தான் வழி. ஆனால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரவைக்கும், ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போனால் பிறகு சிறு அளவுகூட ஒத்துக்கொள்ளாது. வீட்டு மொட்டைமாடியில் அடிக்காதீர்கள். பெயிண்ட் பூத் உள்ள கார் பட்டறையில் கொடுத்து, அடுத்த கார் அடிக்கும்போது இதற்கும் ஒரு கோட் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

10. காய்வதும் பொருத்துவதும்

தொட்டால் ஒட்டாது என்பதும் காய்ந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. மூக்கருகே வைத்து முகர்ந்து பாருங்கள். தின்னர் வாடை வந்தால் உள்ளே இன்னும் ஈரம். லேக்கருக்கு ஒரு வாரம், எனாமலுக்கு அதைவிடக் கூடுதல். அதற்குள் தண்ணீரில் விட்டால் குமிழ் குமிழாக எழும்பும்.

ஸ்டாண்டில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சும் ரப்பரும் புதுப் பெயிண்டில் ஒட்டித் தடம் பதிக்கும். அந்த வாரம் முழுக்கப் பருத்தித் துணியை மடித்து வையுங்கள்.

கேபினையும் தளக் கருவிகளையும் தனித்தனியாக அடித்துப் பிறகு ஒட்டுவதே வசதி. ஒட்டும் இடங்களில் அடிப்பதற்கு முன்பே டேப் போட்டுப் பெயிண்ட் படாமல் பாதுகாத்திருக்க வேண்டும், ஏனென்றால் பெயிண்ட் மேல் வைத்த பசை பெயிண்டைத்தான் பிடிக்கும், மரத்தைப் பிடிக்காது. இழுவைப் படகைச் சுற்றித் தொங்கும் டயர்களைப் பசை போடாமல் நூலால் கட்டித் தொங்கவிடுங்கள். பின்னால் பெயிண்டில் டச்-அப் செய்ய வேண்டியிருந்தால் அவிழ்த்து எடுத்துக்கொள்ளலாம்.